தாயக்கட்டத்தில் தோரியம்: கதிரியக்கச் சிதைவைக் கையால் கற்க ஒரு வழி

ஆல்ஃபா என்றால் தாளைத் தாண்டாது, பீட்டா என்றால் அலுமினியத் தகட்டைத் தாண்டாது, காமாவை நிறுத்தக் கனமான ஈயக்கட்டி வேண்டும். பள்ளியில் கதிரியக்கம் படித்தவர் யாரைக் கேட்டாலும் இந்தப் படத்தைத்தான் முதலில் சொல்வார். படம் தப்பில்லை. ஆனால் வெளியே வந்த கதிர் எவ்வளவு தூரம் போகும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. அணுவுக்குள் என்ன ஆயிற்று என்று சொல்வதில்லை. வேட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, அந்த வீட்டில் நடப்பது கல்யாணமா கருமாதியா என்று சொல்லச் சொன்னால் எப்படி?

படம் அப்படி அமைந்ததற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. ஹென்றி பெக்கரல் யுரேனியத்தின் கதிரியக்கத்தைக் கண்டது 1896-ல். அந்தக் கதிர்களில் சீக்கிரம் நின்றுவிடுவதற்கு ஆல்ஃபா, கொஞ்சம் ஊடுருவுவதற்குப் பீட்டா என்று 1899-ல் ரூதர்ஃபோர்டு பெயர் வைத்தார். மறு ஆண்டு வில்லார்டு அவற்றையும் மிஞ்சி ஊடுருவும் கதிரைக் கண்டார். பிற்பாடு அது காமா ஆயிற்று. அணுவின் நடுவில் உட்கரு என்று ஒன்று இருப்பதே 1911-ல்தான் தெரியவந்தது. பெயர் வைத்த நாளில் உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது, கிரேக்க அரிச்சுவடியின் முதல் மூன்று எழுத்தை வரிசையாக ஒட்டினார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகியும் நாம் அதே வரிசையில் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கப் போய், நான் வேறு வழிக்கு வந்து சேர்ந்தேன். கதிரை விட்டுவிட்டு உட்கருவைப் பிடித்துக்கொள்வது. தாயம் ஆடுவது போல ஒரு கட்டத்தாளில் காயை நகர்த்திப் பார்ப்பது. ஒரு மாலைப் பொழுது போதும். கதிரியக்கப் பொருள் எதையும் தொட வேண்டாம், வாங்கவும் வேண்டாம். ஒரு கட்டத்தாள், பென்சில், காய்க்கு ஒரு சட்டைப் பொத்தான், ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை 64. இவ்வளவுதான் சாமான்.

ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் தனிமம் தோரியம். யுரேனியத்தை வைத்தும் ஆடலாம். தோரியம் நமக்குக் கொஞ்சம் நெருங்கிய சொந்தம். கரண்ட் இல்லாத காலத்துத் திருவிழாவிலும் கல்யாணத்திலும் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் வெள்ளையாக ஒளிர்ந்த மேன்டில் இருக்கிறதே, பழைய மேன்டில்கள் பெரும்பாலும் தோரியம் ஆக்சைடால் ஆனவை. கூடவே ஒரு சதவீதம் அளவுக்கு சீரியம் ஆக்சைடு. தோரியம் கிடைக்கும் இடங்களில் ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை. அங்குள்ள கருமணலில் மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இந்த மோனசைட்டைக் கண்டுபிடித்தார். ஐரோப்பாவில் மேன்டில் தொழில் கொடிகட்டிப் பறந்த காலம் அது.

முதல் படி: இரண்டு கணக்கு

உட்கருவில் இருப்பவை இரண்டே வகைத் துகள். நேர்மின்னூட்டம் உள்ள புரோட்டான், மின்னூட்டம் இல்லாத நியூட்ரான். புரோட்டான்களின் எண்ணிக்கை அணு எண். இரண்டையும் கூட்டினால் நிறை எண். தனிமத்தின் பெயரைத் தீர்மானிப்பது புரோட்டான் மட்டுமே: 90 புரோட்டான் இருந்தால் அது தோரியம், 82 இருந்தால் ஈயம். நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் பெயர் மாறாது, ஐசோடோப்புதான் மாறும்.

தோரியம்-232 என்று எழுதினால் 232 என்பது நிறை எண். 90 புரோட்டானைக் கழித்தால் 142 நியூட்ரான். இந்தக் கழித்தல் கைவந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. மளிகைக்கடைக் கணக்கு நோட்டைப் போல இதை வைத்துக்கொள்ளுங்கள்: எந்தச் சிதைவிலும் (நிலையில்லாத உட்கரு தானாக மாறுவதுதான் சிதைவு) நிறை எண்ணின் வரவும் செலவும் சரியாக இருக்க வேண்டும், மின்னூட்டத்தின் வரவும் செலவும் சரியாக இருக்க வேண்டும். விடை தெரியாத கணக்கில்கூட இந்த இரண்டும் உங்களைக் கரை சேர்க்கும்.

இரண்டாம் படி: கட்டம் போடுதல்

கட்டத்தாளில் கிடையாக ஒரு கோடு போட்டு நியூட்ரான் எண்ணிக்கையை 124-லிருந்து 143 வரை இடமிருந்து வலமாக எழுதுங்கள். செங்குத்தாக ஒரு கோடு போட்டுப் புரோட்டான் எண்ணிக்கையை 80-லிருந்து 91 வரை கீழிருந்து மேலாக எழுதுங்கள். ஓரத்தில் தனிமங்களின் பெயர்கள்: 81 தாலியம், 82 ஈயம், 83 பிஸ்மத், 84 பொலோனியம், 86 ரேடான், 88 ரேடியம், 89 ஆக்டினியம், 90 தோரியம். 85-ம் 87-ம் இந்த ஆட்டத்தில் வராது, வெறுமனே விட்டுவிடலாம். 142-ம் 90-ம் சந்திக்கும் கட்டத்தில் பொத்தானை வையுங்கள். அதுதான் மேன்டிலில் இருந்த தோரியம். 126-ம் 82-ம் சந்திக்கும் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அது ஈயம்-208, நம் ஆட்டத்தின் பழம். அங்கே போனால் காய் இறங்கிவிடும், அதற்குமேல் சிதைவு இல்லை.

மூன்றாம் படி: ஆல்ஃபா நகர்வு

இடப்புறம் இரண்டு கட்டம், கீழே இரண்டு கட்டம். இதுதான் ஆல்ஃபா சிதைவு. உட்கரு இரண்டு புரோட்டானையும் இரண்டு நியூட்ரானையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வெளியே எறிகிறது. அந்தப் பொட்டலம் ஹீலியம்-4 உட்கருவேதான். பொத்தானை நகர்த்திப் பாருங்கள்: 140 நியூட்ரான், 88 புரோட்டான். தோரியம் போய் ரேடியம்-228 வந்துவிட்டது. கணக்கு: 232-க்கு 228-ம் 4-ம் சரி, 90-க்கு 88-ம் 2-ம் சரி.

ஏன் பொட்டலமாக? தனிப் புரோட்டானாகவே தள்ளிவிடலாமே? தனிப் புரோட்டானைப் பிய்த்தெடுக்கத் தோரியம் தன் கையிலிருந்து ஆற்றல் செலவழிக்க வேண்டும். நான்கும் சேர்ந்த ஹீலியமோ மிக இறுக்கமான கட்டு; அதைக் கட்டும்போதே 28 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (உட்கரு உலகில் ஆற்றலை அளக்கும் அலகு) மேல் மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில்தான் வெளியேறும் செலவு ஈடாகி, கையில் கொஞ்சம் தங்குகிறது.

இனி நான் கொஞ்சம் நிதானிக்கப் போகிறேன். இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இது. உட்கருவைச் சுற்றி ஒரு ஆற்றல் மதில் இருக்கிறது. கனமான உட்கருக்களில் ஆல்ஃபாவுக்கு அந்த மதிலின் உயரம் 25 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்ற அளவில் இருக்கும். தோரியம்-232 சிதைவில் கிடைக்கும் ஆற்றலோ 4.08 மில்லியன்தான். ஏறித் தாண்ட வழியே இல்லை. பழைய இயற்பியல் கணக்குப்படி அந்த ஆல்ஃபா காலாகாலத்துக்கும் உள்ளேயே கிடக்க வேண்டும். ஆனால் வெளியே வருகிறது. 1928-ல் கேமோவும், தனியாக கர்னி, காண்டன் இருவரும் இதற்கு விடை சொன்னார்கள்: குவாண்டம் விதிப்படி, மதிலுக்கு அப்பால் இருப்பதற்கும் அந்தத் துகளுக்கு ஒரு சிறு வாய்ப்பு உண்டு. மதிலை ஏறவும் இல்லை, இடிக்கவும் இல்லை, ஓட்டை இல்லாத மண்பானையில் நீர் கசிவது போல வெளியே தென்படுகிறது. ஆல்ஃபா உள்ளிருந்து நொடிக்குக் கோடி கோடி கோடி முறை என்ற அளவில் மதிலில் முட்டுகிறது என்று தோராயமாகக் கணக்கிடலாம். அப்படி முட்டியும், தோரியம்-232 அணுக்களில் பாதி சிதைய 1,405 கோடி ஆண்டு ஆகிறது. பேரண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான்.

தோரியத்தில் தொடங்கி ஈயத்தில் முடியும் இந்தச் சிதைவுத் தொடரின் கடைசியில் பொலோனியம்-212 வரும். அதன் ஆல்ஃபா சிதைவில் கிடைக்கும் ஆற்றல் 8.95 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். தோரியத்தைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே. ஆனால் அதன் அரை ஆயுட்காலம், அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 0.3 மைக்ரோ நொடி (நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோ நொடி). இரண்டு காலங்களையும் வகுத்துப் பாருங்கள்: 1-க்குப் பின்னால் 24 சுழி போட்டதற்கும் சற்று மேலான மடங்கு. மதிலின் உச்சியை நெருங்க நெருங்க மதிலின் தடிமன் குறைகிறது, கசியும் வாய்ப்பு தலைசுற்றும் வேகத்தில் ஏறுகிறது. ஆற்றலில் இரட்டிப்பு, காலத்தில் கோடானுகோடி மடங்கு.

நான்காம் படி: பீட்டா நகர்வு

ரேடியம்-228-ல் இப்போது 88 புரோட்டான், 140 நியூட்ரான். ஆல்ஃபா இரண்டிலும் இரண்டிரண்டாக எடுத்துப் போனதால், நியூட்ரானின் விகிதம் முன்பைவிடக் கொஞ்சம் ஏறிவிட்டது. இதைச் சரிக்கட்ட ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. கட்டத்தில் இடப்புறம் ஒன்று, மேலே ஒன்று: ஆக்டினியம்-228. மறுபடி அதே நகர்வு: தோரியம்-228. நிறை எண் இரண்டு முறையும் மாறவில்லை. பெயர் மட்டும் ரேடியம், ஆக்டினியம், தோரியம் என்று படியேறிவிட்டது.

புறப்பட்ட வரிசைக்கே திரும்பி வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? முதலில் இருந்ததும் தோரியம், இப்போது இருப்பதும் தோரியம், நியூட்ரானில் மட்டும் நான்கு குறைவு. ஒரு ஆல்ஃபாவும் இரண்டு பீட்டாவும் சேர்ந்தால் எப்போதும் இப்படித்தான் ஆகும். சாடியும் ஃபஜான்ஸும் 1913-ல் இந்த இடப்பெயர்ச்சி விதியைச் சொன்னார்கள். ஐசோடோப்பு என்ற கருத்தும் இந்தத் திரும்பி வருதலைப் பார்த்துத்தான் தெளிவடைந்தது.

மின்னூட்டக் கணக்கைப் பாருங்கள். 88 இருந்த இடத்தில் 89 ஆகிவிட்டது. கணக்கு நேராக வேண்டுமென்றால் ஒரு எதிர்மின்னூட்டம் வெளியே போயாக வேண்டும். அதுதான் பீட்டாத் துகள், ஒரு எலக்ட்ரான். இந்த இடத்தில் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, கருவுக்குள்ள எலக்ட்ரானே கிடையாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க? அப்புறம் அது எங்கேர்ந்து வருது?"

நல்ல கேள்வி. பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். உட்கருவைச் சுற்றி இருக்கும் எலக்ட்ரான்களில் ஒன்று கழன்று வருவதாக நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அந்த எலக்ட்ரான் முன்பு எங்கேயும் இல்லை, நியூட்ரான் புரோட்டானாக மாறும் அந்தக் கணத்தில் பிறக்கிறது. தீப்பெட்டிக்குள் நெருப்பு எங்கே ஒளிந்திருந்தது என்று யாரும் தேடுவதில்லையே, அப்படி.

பிறப்பது எலக்ட்ரான் மட்டுமில்லை. 1914-ல் சாட்விக் பீட்டாத் துகள்களின் ஆற்றலை அளந்தபோது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவாக, சுழியிலிருந்து ஓர் உச்சம் வரை பரவிக் கிடந்தது. ஆல்ஃபா அப்படியில்லை, அளவெடுத்த மாதிரி ஒரே ஆற்றலோடு வரும். பீட்டாவில் மிச்ச ஆற்றல் எங்கே போயிற்று? ஆற்றல் அழியாமை விதியே பொய்யோ என்றுகூடச் சிலர் யோசித்தார்கள். 1930-ல் பௌலி, கண்ணுக்குச் சிக்காத இன்னொரு துகள் கூடவே வெளியேறி மிச்சத்தைக் கொண்டுபோகிறது என்றார். கருவியில் அது சிக்கியது 1956-ல்தான், ரைன்ஸ், கோவன் இருவரின் சோதனையில். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் ஆய்வகம் அமைப்பதா கூடாதா என்ற சர்ச்சையில் செய்தித்தாளில் அடிபட்டதே நியூட்ரினோ, அந்தக் குடும்பத்துத் துகள்தான் இதுவும். பீட்டா சிதைவில் எலக்ட்ரானோடு வருவதை எதிர் நியூட்ரினோ என்று சொல்ல வேண்டும்.

பீட்டா நகர்வுக்குப் பிரபலமான இன்னொரு உதாரணம் கார்பன்-14. ஆறு புரோட்டான், எட்டு நியூட்ரான். ஒரு நகர்வில் ஏழும் ஏழுமாகி நைட்ரஜன்-14. அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டு. கீழடிக் கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று 2019-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிவித்ததற்கு அடிப்படை இந்த ஒற்றை நகர்வுதான். 2,600 ஆண்டில் கார்பன்-14 அணு நூறில் ஏறத்தாழ 27 போயிருக்கும், 73 மிஞ்சியிருக்கும்.

ஐந்தாம் படி: நகராத நகர்வு

காமா உமிழ்வில் பொத்தான் அசையாது. புரோட்டானும் நியூட்ரானும் எண்ணிக்கையில் அப்படியே இருக்கின்றன. ஆல்ஃபாவோ பீட்டாவோ நடந்து முடிந்ததும் சேய் உட்கரு பல சமயம் கிளர்ந்த நிலையில் இருக்கும்; அந்த மிகை ஆற்றலை ஒளியாகக் கொட்டிவிட்டு அமைதி நிலைக்கு வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட லட்சக்கணக்கான மடங்கு ஆற்றல் உள்ள ஒளி. அதனால் காமாவைத் தனி ஒரு சிதைவு என்று சொல்வதைவிட, முன்னே நடந்த சிதைவின் வால் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுப்பதை ஊர்ப்பக்கம் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். அதற்கு வெகுகாலம் பயன்பட்டது கோபால்ட்-60. கோபால்ட் காமா என்றே எல்லோரும் சொல்கிறோம். நம் கணக்கு நோட்டைப் பாருங்கள்: கோபால்ட்-60 முதலில் பீட்டா நகர்வில் நிக்கல்-60 ஆகிறது. கிளர்ந்த அந்த நிக்கல்தான் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் இரண்டு காமாக்களை அடுத்தடுத்து விடுகிறது. உழைப்பது நிக்கல், பேர் கோபால்ட்டுக்கு.

சில உட்கருக்கள் கிளர்ந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் தங்கும். எலும்பு ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றும் டெக்னீசியம்-99எம் அப்படி ஆறு மணி நேர அரை ஆயுட்காலம் கொண்டது. பெயரின் கடைசி 'எம்' இந்தத் தங்கலைத்தான் குறிக்கிறது.

ஆறாம் படி: ஆட்டத்தை முடித்தல்

இனி நீங்களே நகர்த்துங்கள். தோரியம்-228-லிருந்து வரிசையாக நான்கு ஆல்ஃபா: ரேடியம்-224, ரேடான்-220, பொலோனியம்-216, ஈயம்-212. ஈயம் வந்துவிட்டதே, முடிந்ததா என்றால் இல்லை. கட்டத்தில் பாருங்கள், பெருக்கல் குறிக்கு வலப்புறம் நான்கு கட்டம் தள்ளி நிற்கிறீர்கள். நியூட்ரான் அதிகம். ஒரு பீட்டா: பிஸ்மத்-212.

இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. பிஸ்மத்-212 அணுக்களில் நூறுக்கு 64 பீட்டா நகர்ந்து பொலோனியம்-212 ஆகி, கண் இமைப்பதற்குள் ஆல்ஃபா விட்டு ஈயம்-208-ல் இறங்கும். மீதி 36 முதலில் ஆல்ஃபா விட்டுத் தாலியம்-208 ஆகும், மூன்று நிமிட அரை ஆயுட்காலத்தில் பீட்டா விட்டு அதே ஈயம்-208-ல் இறங்கும். தாயத்தில் காய் எந்தப் பக்கம் சுற்றினாலும் பழம் ஒன்றுதானே. தாலியம் வழியாகப் போகும் அணுக்கள் கடைசியில் 2.61 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் காமாவை விடும். தரையில் தோரியம் இருக்கிறதா என்று தேடுபவர்களின் கருவி உற்றுக் கேட்பது இந்தக் காமாவைத்தான்.

கூட்டிப் பாருங்கள்: எந்த வழியில் போனாலும் ஆறு ஆல்ஃபா, நான்கு பீட்டா. 232-லிருந்து 24 போனால் 208. 90-லிருந்து 12 போய் 4 வந்தால் 82. சித்தர்கள் தேடிய ரசவாதம் தானாக நடக்கிறது. என்ன, கடைசியில் கையில் கிடைப்பது பொன்னாக இல்லாமல் ஈயமாகப் போயிற்று.

நடுவில் வந்த ரேடான்-220-ஐக் கவனியுங்கள். இந்தத் தொடரில் அது மட்டும் வாயு. மணலிலிருந்தும் மேன்டிலிலிருந்தும் வெளியே கசியக்கூடியது, அரை ஆயுட்காலம் 56 நொடி. மான்ட்ரியலில் இருந்தபோது ரூதர்ஃபோர்டு தோரியத்திலிருந்து கிளம்பிய இந்த வாயுவை அளந்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாவதை 1900-ல் எழுதினார். அரை ஆயுட்காலம் என்ற கருத்தே அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஏழாம் படி: எதிர்ப்பக்க நகர்வு

தோரியம் தொடரில் வராத ஒரு நகர்வு பாக்கி. புரோட்டான் மிகுந்த உட்கருவில் ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாற வேண்டும். கட்டத்தில் வலப்புறம் ஒன்று, கீழே ஒன்று. இதற்கு இரண்டு வழி. ஒன்று, பாசிட்ரானை வெளியே விடுவது; எலக்ட்ரானின் அச்சு அசல், மின்னூட்டம் மட்டும் நேர். மற்றது, உட்கருவுக்கு மிக அருகில் சுற்றும் எலக்ட்ரான் ஒன்றை உள்ளே இழுத்து விழுங்கிவிடுவது. இதற்கு எலக்ட்ரான் கவர்தல் என்று பெயர். சிதையும் தாய் அணுவுக்கும் பிறக்கும் சேய் அணுவுக்கும் இடையே 1.022 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டாவது ஆற்றல் வித்தியாசம் இருந்தால்தான் பாசிட்ரான் வழி திறக்கும், இல்லாவிட்டால் விழுங்குவது ஒன்றே கதி.

பாசிட்ரானுக்கு உதாரணம், உடலுக்குள் படமெடுக்கும் பெட் (PET) ஸ்கேன். ஃபுளோரின்-18 சர்க்கரை போன்ற ஒரு மூலக்கூறில் ஏறி உடலுக்குள் போகிறது, 110 நிமிட அரை ஆயுட்காலத்தில் ஆக்சிஜன்-18 ஆகிறது. வெளிவந்த பாசிட்ரான் பக்கத்து எலக்ட்ரானோடு மோதி இரண்டும் அழிய, நேர் எதிர்த் திசைகளில் இரண்டு காமாக்கள் பாய்கின்றன. அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து, அவை எந்தக் கோட்டில் கிளம்பின என்று கருவி கணக்கிடுகிறது.

எலக்ட்ரான் கவர்தலுக்கு உதாரணம் உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. பொட்டாசியம்-40: 19 புரோட்டான், 21 நியூட்ரான். இரண்டுமே ஒற்றைப்படை, உட்கருக்களுக்குப் பிடிக்காத சேர்க்கை. அதனால் இரண்டு பக்கமும் ஓடுகிறது. நூறுக்கு 89 பீட்டா விட்டு கால்சியம்-40 ஆகும், 11 எலக்ட்ரானை விழுங்கி ஆர்கான்-40 ஆகும். வாழைப்பழம் ஒன்றில் நொடிக்குப் பதின்மூன்று பதினான்கு சிதைவும், வளர்ந்த ஆள் ஒருவரின் உடம்பில் நொடிக்கு ஏறத்தாழ 4,000 சிதைவும் இந்தப் பொட்டாசியத்தால் நடக்கின்றன. வாழைப்பழத்துக்குப் பயப்படாதீர்கள், தேவைக்கு மிஞ்சிய பொட்டாசியத்தை உடம்பே வெளியேற்றிவிடும். எனக்கு வியப்பு ஆர்கானில். காற்றில் நூறில் ஒரு பங்கை நெருங்கும் ஆர்கான், ஏறக்குறைய முழுவதும், பாறைக்குள் பொட்டாசியம்-40 எலக்ட்ரானை விழுங்கியதால் உண்டானது. ஆர்கான் வெல்டிங் பட்டறையில் சிலிண்டர் சிலிண்டராக நிற்பது கதிரியக்கச் சிதைவின் மிச்சம்.

இவை தவிர அபூர்வ வகைகளும் உண்டு. கனமான உட்கரு தானாகவே இரண்டாகப் பிளப்பதை ஃபிளெரோவும் பெத்ர்ஷாக்கும் 1940-ல் கண்டார்கள். ரேடியம்-223 எப்போதாவது ஆல்ஃபாவுக்குப் பதிலாகக் கார்பன்-14 உட்கருவையே எறிவது 1984-ல் தெரிந்தது. தொடக்கத்தில் இவற்றுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு நோட்டு இவற்றுக்கும் அதேதான்.

எட்டாம் படி: எந்த நகர்வு என்று ஊகித்தல்

சிறிய உட்கருக்களில் புரோட்டானும் நியூட்ரானும் சரிசமமாக இருந்தால் நிலைத்து நிற்கும்: கால்சியம்-40-ல் 20, 20. பெரிய உட்கருவில் புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் விசை கரு முழுக்க எட்டும், பிடித்துவைக்கும் விசையோ பக்கத்தில் இருப்பவரோடு நின்றுவிடும். அதனால் இடையில் நியூட்ரான் கூடுதலாக வேண்டும்: ஈயம்-208-ல் 82-க்கு 126. நிலையான உட்கருக்களைக் கட்டத்தில் குறித்தால், முதலில் நேர்மூலைக்கோட்டில் ஏறி, போகப்போக நியூட்ரான் பக்கம் சாயும் ஒரு மெல்லிய ஆற்றுப்படுகை தெரியும். அந்தப் படுகைக்கு வலப்புறம் நின்றால் பீட்டா. இடப்புறம் நின்றால் பாசிட்ரான் அல்லது எலக்ட்ரான் கவர்தல். படுகை ஈயம், பிஸ்மத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் போய்விட்டால் பெரும்பாலும் ஆல்ஃபாவையும் எதிர்பாருங்கள். இது ஊகம்தான், பிஸ்மத்-212 போல இரண்டு பக்கமும் போகும் கில்லாடிகள் இருக்கிறார்கள்.

ஒன்பதாம் படி: புளியங்கொட்டை

64 கொட்டைகளையும் குலுக்கி எறியுங்கள். வெள்ளை விழுந்ததெல்லாம் சிதைந்துவிட்டது, எடுத்து ஓரமாக வையுங்கள். மிச்சத்தை எண்ணிக் குறித்துக்கொண்டு மறுபடி எறியுங்கள். 64, 32, 16 என்று போக வேண்டும். ஆனால் கையில் 64, 35, 15 என்பது போலப் பிசகித்தான் போகும். எண்ணிக்கை குறையக் குறைய இந்தப் பிசகு அதிகமாகும். ஒரு கிராம் தோரியத்திலோ நொடிக்கு ஏறத்தாழ 4,060 அணு சிதைந்தும் கடலில் கரண்டி முகந்த மாதிரிதான், அதனால் விகிதம் பிசகுவதில்லை.

ஐந்தாறு எறிதலுக்குத் தப்பிய கொட்டை ஒன்று இருக்கும். அதற்கு வயதாகிவிட்டது, அடுத்த எறிதலில் போய்விடும் என்று தோன்றும். அதற்கு எதுவும் நினைவில்லை. முதல் எறிதலில் இருந்த அதே வாய்ப்புதான் இப்போதும். அணுவும் அப்படியே: பூமி உருவான நாளிலிருந்து இருக்கும் தோரியம் அணுவுக்கும், சற்றுமுன் ஓர் அணு உலையில் பிறந்த தோரியம்-232 அணுவுக்கும் நாளைய தினம் ஒரே மாதிரிதான்.

பிறகு அதையே சோழியை வைத்துச் செய்து பாருங்கள். சோழி பாதிக்குப் பாதி விழாது. ஆனாலும் ஒவ்வொரு எறிதலிலும் மிச்சத்தில் ஒரே விகிதம்தான் கழியும். பாதியாக எத்தனை எறிதல் ஆகிறது என்பது மட்டும் மாறும். புளியங்கொட்டை ஒரு ஐசோடோப்பு, சோழி வேறொரு ஐசோடோப்பு.

எச்சரிக்கையாக இரண்டே வார்த்தை. வீட்டுப் பரணில் பழைய மேன்டில் பாக்கெட் இருந்தால் பிரித்து நசுக்கி ஊத வேண்டாம். தாளைத் தாண்டாத ஆல்ஃபா, தூசியாக நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அங்கே தடுக்கத் தாள் கிடையாது. காமா பட்ட பொருள் கதிரியக்கப் பொருளாகிவிடும் என்பதும் தவறு. முளைக்காமல் இருக்கக் காமா காட்டிய வெங்காயம் கதிர் வீசாது. கதிர் படுவது வேறு, கதிரியக்கத் தூசி ஒட்டுவது வேறு.

பயிற்சிக்கு ஒன்று. கல்பாக்கத்தில் 1996-லிருந்து இயங்கும் காமினி என்ற சிற்றுலையின் எரிபொருள் யுரேனியம்-233. அது இயற்கையில் கிடைப்பதில்லை, தோரியம்-232-லிருந்து செய்கிறார்கள். முதலில் ஒரு நியூட்ரானை விழுங்க வையுங்கள், பொத்தான் வலப்புறம் ஒரு கட்டம் போகும். அங்கிருந்து யுரேனியத்துக்கு, அதாவது 92-க்கு, ஏற எத்தனை நகர்வு, எந்த நகர்வு, நடுவில் 91-ல் நிற்கும் தனிமம் எது? கட்டத்தாளில் மேலே ஒரு வரிசை கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். அது முடிந்ததும், கட்டத்தை வலப்புறம் 146 வரை நீட்டிக்கொண்டு, யுரேனியம்-238-ஐ ஈயம்-206 வரை கொண்டுபோங்கள். எட்டு ஆல்ஃபா என்று நானே சொல்லிவிடுகிறேன். பீட்டா எத்தனை என்று நோட்டைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள்.